நெஞ்சில் படம், முதுகில் எண்

போன ஏப்ரல் 14-க்கு எல்லோரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போடுவது என்று கொட்டச்சேட்டில் கூடிப் பேசினோம். அண்ணல் அம்பேத்கரின் முகம், கீழே ‘ஜெய்பீம்’. சேலத்தில் கொடுத்து அச்சடிக்கலாம் என்று முடிவாகிற நேரத்தில், காபித் தோட்டத்தில் முப்பது வருடம் கூலி வேலை பார்த்த ஒரு பெரியம்மா கேட்டார்: “மொகம் தெரியுது கண்ணு. எனக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறது? அதையும் அதுல போடுங்க.”

நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ஆளுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகப் போட்டு, சட்டையின் முதுகில் பெரிதாக அச்சடித்தோம்: 14566.

வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் அது. 2021 டிசம்பரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பொதுவானது. மலையாளிப் பழங்குடி மக்கள் அதிகம் வாழும் சேர்வராயன் மலையில் இது முக்கியம். தோட்டத்தில் நாமும் அவர்களும் ஒரே கூலிக்குத்தான் குனிகிறோம், வசவும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது.

சட்டை போதாது, செய்தியும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் ஏற்காடு டவுனில் இருப்பவருக்குப் போகும். மேட்டுத் தோட்டத்தில் இருப்பவருக்கு நெட் கிடைத்தால்தான் உண்டு. பெரியம்மாக்கள் கையில் இருப்பதோ பட்டன் போன். ஆகவே எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிதான் இடம். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனியாகக் கணக்கு. தாண்டினால் இரண்டு செய்தியாகக் காசு போகும். ஒரு மாலை முழுக்க அடித்து அடித்துச் சுருக்கியது இது:

‘சாதி சொல்லித் திட்டினால் 14566. தனியாகப் போகாதீங்க. ஜெய்பீம்.’

படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள். எண் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது.

ஒரு சட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1927 டிசம்பரில், மகாடில் திரண்ட பெண்களிடம் அண்ணல் பேசியதும் உடையைப் பற்றித்தான். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் புடவை கட்டுவதை விடுங்கள் என்றார். 2012-இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்த பிறகும், நம் பையன்களின் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும்தான் குற்றம் என்று மேடையில் பேசப்பட்டது. நம் உடம்பில் என்ன துணி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவர்கள் ஒருநாளும் ஓய்ந்ததில்லை.

இங்கேயும் அது நடந்தது. சட்டை போட்டு வேலைக்குப் போன ஒரு தம்பியை மேஸ்திரி நிறுத்தி, “இதைக் கழட்டிட்டு வா” என்றார். தம்பி கழற்றவில்லை. அன்று கூலியும் இல்லை. அன்றிரவு எங்கள் எஸ்எம்எஸ் கைக்குக் கை போனது. மறுநாள் காலை பத்தொன்பது பேர் நீலச் சட்டையில் வேலைக்கு நின்றோம். பெரியம்மா சேலைக்கு மேல் போட்டிருந்தார். மேஸ்திரி எங்கள் முதுகைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. அந்த ஒரு நாள் கூலி இன்னும் வரவில்லை. தம்பி அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் போடுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. விரும்பினால் போடவும் விரும்பாவிட்டால் மடித்து வைக்கவும் முடிவதுதானே உரிமை.

ஆனால் ஒன்று கற்றோம். செய்தி, நாம் இல்லாத இடத்துக்கும் போகும். அதனால்தான் 2018-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீர்க்கப்பட்டபோது, ஏப்ரல் 2 பந்த் அழைப்பு பெரிய தலைவர்கள் இல்லாமலேயே போன் வழியாக நாடு முழுக்கப் பரவியது. சட்டை அப்படியில்லை. அதை மாட்டிக்கொண்டு நாமே போய் நிற்க வேண்டும். போனில் வந்ததை யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம், முதுகில் இருப்பதை ஒளிக்க முடியாது. தனியாக ஒருவர் போட்டால் அது அவருக்கு ஆபத்து, பத்தொன்பது பேர் போட்டால் பாதுகாப்பு. அந்தப் பத்தொன்பது பேரைச் சேர்க்கத்தான் செய்தி.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, மக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். நம் உடம்பிலிருந்து துணியைப் பலவந்தமாகக் கழற்றுவதும் குற்றம். 14566-இல் புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அத்தோடு நிற்காமல் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட வையுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள்.

அடுத்த ஏப்ரலுக்கும் அச்சடிக்கப் போகிறோம். பெரியம்மா இந்த முறை எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார். தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம்.

ஜெய்பீம்.