நேற்றை மறவாத சமன்பாடு

பள்ளியில் நாம் பயின்ற வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு இறந்தகாலம் கிடையாது. இந்தக் கணம் தெரிந்தால் அடுத்த கணம் தெரிந்துவிடும். உயிர்களின் உலகம் அப்படி நடப்பதில்லை.

ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் ஏ. ஜே. நிக்கல்சன் 1954ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆடுகளைத் தாக்கும் ஈக்களைக் கூண்டில் வளர்த்தார். வளர்ந்த ஈக்களுக்குத் தினமும் ஒரே அளவு ஈரல். இருந்தும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 நாளுக்கொரு முறை பெருகுவதும் சரிவதுமாக அலையடித்தது. கூட்டம் மிகும்போது ஈரல் போதாமல் முட்டைகள் குறைகின்றன. ஆனால் முட்டை ஈயாகச் சுமார் இரண்டு வாரம் ஆவதால், இன்றைய பசியின் விளைவு அப்போதுதான் தெரியவரும்.

இத்தகைய தாமதத்தைச் சமன்பாடாக எழுதிவிடலாம். தீர்ப்பதற்குப் பெரும்பாலும் கணினியில் சிறு சிறு படிகளாகத்தான் நடக்க வேண்டும். என்னை நெடுநாளாக ஈர்க்கும் கேள்வி இங்கே எழுகிறது: திரையில் தெரியும் அலை ஈக்களுடையதா, நம் கணக்கினுடையதா?

மிக எளிய சமன்பாடு ஒன்று. ஓர் அளவு மாறும் வேகம், ஒரு மணி நேரத்துக்கு முன் அதற்கிருந்த மதிப்பின் எதிர்க்குறி. இங்கே தாமதம் பையின் பாதிக்கு, அதாவது சுமார் 1.57 மணிக்குக் குறைவாக இருந்தால், தீர்வு அடங்கிப் பூஜ்யத்தை நெருங்கும். இது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் ஆய்லர் முறையில், ஒரு மணிப் படியோடு, 1 என்ற பழைய மதிப்பிலிருந்து கணக்கிட்டால் வருபவை: 1, 0, -1, -1, 0, 1, 1, 0... ஓயாத ஊசல். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். படியைப் பாதியாக்கினால் முதல் பள்ளம் -0.75, அடுத்த மேடு 0.5625, அலை தணிகிறது. படியை மாற்றாமல் சரிவக விதிக்கு மாறினாலும் தணியும்.

1975ல் பார்வெல் ஓர் அளவுகோல் வகுத்தார். தற்போதைய நிலை தரும் தணிப்பு, பழைய நிலையின் தாக்கத்தை விஞ்சினால், தாமதம் எவ்வளவானாலும் உண்மைத் தீர்வு அடங்கும். தாமதத்தைச் சமமாகப் பகுக்கும் எந்தப் படியிலும் எண்முறையும் அடங்க வேண்டும். அதுவே நிலைத்தன்மை. நம் எளிய சமன்பாடோ அந்த நிபந்தனைக்குள்ளேயே வராது. உத்தரவாதமற்ற அத்தகைய இடங்களில் விழிப்பு ஒன்றே துணை.

நிக்கல்சனின் அலை கூண்டில் எண்ணிப் பெற்றது. அதை ஐயுற வேண்டியதில்லை. கணினி தரும் அலைக்கு அந்தச் சலுகை இல்லை. படியைப் பாதியாக்கிய பின்னும் மாறாமல் நின்றால்தான், அதை ஈக்களுடையதாக எண்ணத் தொடங்கலாம்.