ஆனவண்டி ஓடிய அமெரிக்கச் சாலை

ஷார்ஜாவில் சாலைகள் நேராகப் போகின்றன. பன்னிரண்டு வருடமாக அந்த நேர்க்கோட்டில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். வீட்டில் பெரிய திரை இருக்கிறது, யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டு இருக்கிறது, ஸ்டீயரிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து ஓட்டுவேன். கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவேன். காது எதையோ தேடுகிறது, அது வருவதில்லை.

ஊரில் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது லேலண்டு பஸ் முனகுமே, அந்தச் சத்தம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் கீழே இறங்கும் அதே மலையில் நாங்கள் இரண்டாவது கியரில் மேலே ஏறுவோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முனகல் கொஞ்சம் உயர்ந்து, டிரைவர் கியரைத் தட்டியதும் ஒரு நொடி மூச்சடைத்து, பிறகு இன்னும் கனமாகத் தொடங்கி, குளிர்காற்றும் ஏலக்காய் வாசமும் சன்னல் வழியே நுழையும் வரை விடாமல் கூடவே வரும். அப்புறம் செக்போஸ்ட். குமுளி.

செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். நாங்கள் கூடிய பிரவுசிங் சென்டருக்குள் இரண்டும் கலந்த ஒன்று. சென்டரை நடத்திய சேட்டனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "தம்பீ, இங்கோட்டு வா, வண்டி ரெடியாயி" என்று கூப்பிடுவார். அந்தக் குரலுக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடியிருக்கிறேன்.

வண்டி என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் வண்டி. '18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்: ஹாலின்' என்ற லாரி விளையாட்டு, பிராகா நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் செய்தது, 2006-ல் வந்தது. உள்ளே இருந்தவை அமெரிக்க லாரியும் அமெரிக்க நெடுஞ்சாலையும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பையன்கள் அதில் நம்ம பஸ்ஸை ஏற்றினார்கள். அதன் கோப்புகள் வெறும் ஜிப் கோப்புகள் என்பதால் வழி எளிது. இசட்மாடலர் என்ற மென்பொருளில் பஸ்ஸின் உடலைக் கட்டி, போட்டோஷாப்பில் வண்ணம் பூசி, 'மோட்' என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். யானை முத்திரை தாங்கிய கேரள அரசு பஸ்ஸான ஆனவண்டியும், பச்சை நிறத்து நம்ம ஊர் வண்டியும் அமெரிக்கச் சாலையில் ஓடும்.

சேட்டன் கட்டிய கம்பம் வண்டி எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஊர்ப் பலகையைப் படமாக வரைந்துதான் ஒட்ட வேண்டும். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது 'குமுளி' கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினார். சத்தத்துக்காக நானும் அவரும் கம்பத்திலிருந்து பஸ் ஏறி, எஞ்சின் மூடி பக்கத்தில் உட்கார்ந்து, நோக்கியா போனை மூடியோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்தோம். மூடியின் சூட்டில் என் உள்ளங்கை சிவந்துபோனது. பதிவின் நடுவே யாரோ ஒரு பாட்டி, "இறங்கணும், நிறுத்துப்பா" என்கிறார். வெட்டி எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வண்டி யாருடைய சொத்து? அப்போது இந்தக் கேள்வியே எழவில்லை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். அதைத் தழுவி மாற்றும் உரிமை உரிமையாளருக்கே. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். பழைய விளையாட்டு, விற்பனையில் இல்லை, கேட்க ஆளில்லை என்பதாலெல்லாம் அந்த உரிமை போய்விடாது. ஹாலினை வெளியிட்ட வேல்யூசாஃப்ட் 2012-ல் கைமாறியது. அதற்குத் தாய் நிறுவனமாக இருந்த டி.எச்.க்யூ அதே வருடம் டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. எஸ்.சி.எஸ். மட்டும் இப்படி விளையாட்டை மாற்றி மோட் செய்பவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்தது. அதற்கு அவர்களைக் கும்பிடலாம். எல்லாரும் அப்படியில்லை. ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி என்ற விளையாட்டின் நிரலை ரசிகர்கள் தாங்களே மறுபடி எழுதியெடுத்தபோது, அதன் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021-ல் அதை நீக்கச் சொல்லி, பிறகு வழக்கும் போட்டது. பஸ்ஸின் பெயருக்கும் சண்டை உண்டு. இரு மாநில அரசு பஸ் கழகங்களுக்கும் பொதுவான கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற ஐந்தெழுத்துக்காகக் கேரளமும் கர்நாடகமும் வருடக்கணக்கில் மோதி, 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளிய பிறகு இருவருமே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

எங்களுக்குள்ளும் உரிமை இருந்தது. சொல்லப்போனால் அதுதான் கறாராக இருந்தது. ஒருவர் கட்டிய வண்டியை இன்னொருவர் தொடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கேட்காமல் எடுத்தவனோடு யாரும் பேச மாட்டார்கள். சேட்டன் நம்பர் பிளேட்டின் மூலையில், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். அந்த வண்டிக்கு அவர் கேட்ட கூலி அவ்வளவுதான். பத்துப் பைசா வாங்கியதில்லை. பென் டிரைவ் கொண்டுபோனால் ஏற்றிக் கொடுப்பார். அப்படிப்பட்டவரைச் சட்டம் அத்துமீறியவராகப் பார்க்கக்கூடும் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பிரவுசிங் சென்டர் போய்விட்டது. நான் முதல் சம்பளத்தில் வாங்கி, அந்த வண்டியைச் சேமித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றது. வண்டியை இணையத்தில் ஏற்றி வைத்திருந்த சுட்டி செத்துப் பல வருடமாகிறது. சேட்டன் போய் ஆறு வருடம். போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மலை ஏறும் பஸ் புதிது. சன்னல் பக்கம்தான் உட்கார்ந்தேன். அந்த முனகல் இல்லை.

ஹாலின் ஓட்டியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? கம்பம், தேனி, கட்டப்பனை, வண்டிப்பெரியாறு, எங்கிருந்தாலும் சரி. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். 'மை டாக்குமெண்ட்ஸ்' உள்ளே '18 வோஸ் ஹாலின்', அதற்குள் 'மோட்'. பச்சை பஸ் ஒன்று இருக்கும். ஓட்டிப் பாருங்கள். மலை ஏற்றத்தில் ஒரு பாட்டியின் குரல் கேட்டால், அதுதான்.