சாப்பிடக் கற்றுக்கொண்ட கதை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் மன்னார்குடியில் என் நாத்தனார் மகன் கல்யாணம். மண்டபத்தில் பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன டீச்சர், உடம்புக்கு ஏதும்..." என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பாதியில் நின்ற வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, நான் பந்தியிலிருந்து எழுந்து ஓடியதையும் சிலர் பார்த்துவிட்டார்கள். மறுநாளே மூன்று பேர் போன் செய்து அழாத குறையாக விசாரித்தார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்குப் புற்றுநோய் இல்லை. போன வருஷம் ஆகஸ்டு மாதம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பித்தப்பையில் கல் என்று உங்களிடம் சொன்னது பொய். "பொய் சொல்லக் கூடாது" என்று 34 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் சொன்ன பொய். "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கம்தான் காரணம். என்னை மன்னித்துவிடுங்கள்.

அப்போது என் எடை 118 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு 18 வருஷமாக மாத்திரை, பிறகு ஊசி. இரவில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மகன் பயந்துபோய்ச் சொன்னான். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எலும்பு மருத்துவர், "இந்த எடையோட மூட்டு மாத்த முடியாதும்மா, முதல்ல எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடந்தால் எடை குறையும். ஆனால் எடை குறைந்தால்தான் நடக்க முடியும். இந்தச் சுழலில் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

செய்துகொண்டது ஸ்லீவ் என்று சொல்லும் அறுவை சிகிச்சை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போல நீண்ட குழாய். தொடக்கத்தில் அரை டம்ளருக்கு மேல் கொள்ளாது. பசியைத் தூண்டுகிற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசி என்பதே மறந்துபோயிற்று.

அறுவை சிகிச்சை எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், புரதப் பவுடர். பிறகு இரண்டு வாரம் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் மசித்தது. அப்புறம் குழைந்த சாதம், இட்லி, வேகவைத்த முட்டை. படிப்படியாகத்தான் சாதாரணச் சாப்பாடு. அந்தப் படிக்கு வந்தபோதுதான், இத்தனை வயதாகியும் எனக்குச் சாப்பிடத் தெரியாது என்பது தெரிந்தது.

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக ஒரு பெண் இருந்தார். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு கவளம் சுண்டைக்காய் அளவு. 25 முதல் 30 தடவை மெல்ல வேண்டும். மென்றது கூழாக ஆன பிறகே விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 25 நிமிஷமாவது ஆக வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி முன்னும் அரை மணி பின்னும் குடிக்கலாம். முதலில் முட்டை, பன்னீர், பயறு, மீன், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் சோறு. தலைகீழ்ப் பாடம்! சோற்றைக் குன்றாகக் குவித்துக் காயை ஓரத்தில் வைத்துச் சாப்பிட்ட தஞ்சாவூர் மாவட்டத்துக்காரிக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் மென்று பார்த்தேன். எட்டாவது தடவையே நாக்கு உணவைத் தொண்டைக்குத் தள்ளிவிட்டது. எனக்குத் தெரியாமலே விழுங்கிவிட்டேன். மறுபடி எண்ணினேன், பத்து. அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருஷம் நான் சாப்பிடவில்லை, விழுங்கிக்கொண்டிருந்தேன். பேத்தியின் பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டேன். கையில் ஸ்பூன் இருந்தால் அது சும்மா இருக்காது. எதிரே கடிகாரம். டிவி கிடையாது. சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட அன்று எண்ணிக்கை மறந்து, தயிர்சாதம் நெஞ்சில் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டிருந்தேன். இருபதைத் தாண்டியதும் வாயில் லேசாக ஓர் இனிப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். "எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிக்கும்." வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தேன். கூடவே "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று பழமொழியும் எழுதிப்போடுவேன். ஒரு நாள்கூட நான் மென்று பார்த்ததில்லை. 64 வயதில்தான் அந்தச் செய்முறையைச் செய்து முடித்தேன்.

ஏன் அவ்வளவு அவசரம்? யோசித்துப் பார்த்தால் காரணங்கள் இருக்கின்றன. நான் மூத்த மருமகள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய வருஷங்கள் அவை. பள்ளிக்கூடமோ ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் பாதி நாள் அலுவலக வேலையாக வெளியே போய்விடுவார். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கூடவே நிற்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி முடித்தால், மணி அடிக்க ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் என் டிபன் பாக்ஸ் காலியாகும். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிஷம் ஆகும் என்கிறார்கள். நான் ஐந்து நிமிஷத்தில் அதை எப்போதும் முந்திக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடி முந்துவேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். சுண்டைக்காய் அளவு எடுத்து மென்றுகொண்டிருந்தேன். என் இலையில் சாம்பார் சாதமே முடியவில்லை. பக்கத்து இலைகளில் பாயசம் முடிந்து மோருக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் அடுத்த பந்திக்கு ஒருவர் என் நாற்காலி முதுகில் கை வைத்து நின்றுவிட்டார். பாவம், அவருக்குப் பசி. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஏழெட்டு வாய் பழையபடி விழுங்கினேன்.

நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்ததுபோல் அடைத்துக்கொண்டது. வாயெல்லாம் எச்சில் ஊறி நுரையாக வந்தது. எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். என் பழைய மாணவி ஒருத்தி பின்னாலேயே ஓடிவந்து, "தண்ணி குடிங்க டீச்சர்" என்று டம்ளரை நீட்டினாள். தண்ணீர் குடித்தால் இன்னும் மோசமாகும்; அதுவும் இறங்க இடமில்லாமல் திரும்பி வரும். சொல்லவும் வாய் திறக்க முடியாமல் கையை ஆட்டினேன். அவள் ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இருபது நிமிஷம். அவளுக்கு என் நன்றி.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால், அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

1990களின் கடைசியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்டு முடிப்பது எப்போதும் அவன்தான். ஒவ்வொரு பருக்கையாக எடுப்பான். "சீக்கிரம்டா, மணி அடிக்கப்போறேன்" என்று தினமும் தலைமாட்டில் நின்று கத்துவேன். ஒரு நாள் பொறுமை போய், பாதித் தட்டுச் சோற்றோடு அவன் தட்டைப் பிடுங்கி வாளியில் கொட்டிவிட்டேன். அவன் அழவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டு வந்து வகுப்பில் உட்கார்ந்தான். அடுத்த நாளிலிருந்து எல்லோரோடும் முடித்துவிட்டான். பழகிவிட்டான் என்று பெருமைப்பட்டேன். அவன் ஏன் மெதுவாகச் சாப்பிட்டான் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பல் வலியா, தொண்டையில் ஏதாவதா, இல்லை அவன் சுபாவமே அதுதானா? இன்றுவரை தெரியாது. அவனுக்கும் எனக்குக் கற்றுக்கொடுத்ததுபோலவே விழுங்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

நீ இதைப் படித்தால், அப்பா, டீச்சர் செய்தது தப்பு. இப்போது உனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நல்லா மென்னு, மெதுவா சாப்பிடு. யாரும் மணி அடிக்கமாட்டாங்க.

இப்போது என் எடை 82 கிலோ. ஊசி நின்றுவிட்டது, மாத்திரை ஒன்று மட்டும். நான்காம் மாதம் முடி கொட்டியது, பிறகு நின்றது. புரதம் தினமும் 60 கிராமாவது எடுக்க வேண்டும். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். விக்கல் வந்தாலோ மூக்கு ஒழுகினாலோ போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது. இது எல்லோருக்கும் ஏற்ற சிகிச்சை என்று நான் சொல்லவரவில்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மெல்லுவதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். விசேஷத்துக்குக் கூப்பிட்டால் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவையுங்கள், "இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்க" என்று இலையில் தள்ளாதீர்கள். அது ஒன்று. உங்கள் வீட்டில் மெதுவாகச் சாப்பிடும் பிள்ளை இருந்தால் ஸ்கூல் வேனைக் காட்டி விரட்டாதீர்கள், பத்து நிமிஷம் முன்னால் எழுப்பிவிடுங்கள். அது இரண்டு.

என் பேத்தி யூகேஜி படிக்கிறாள். அவளும் மெதுதான். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்காருகிறோம். நேற்று, "பாட்டி, நான் இருபத்தி ரெண்டு மென்னுட்டேன், நீ?" என்றாள். நான் பதினெட்டில் இருந்தேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்