களு கங்கைக் கரையில் ஒரு பழைய இயந்திரப் படகு

இரத்தினபுரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே போவார்கள். ஒன்று, கல் வாங்க. மற்றது, சிவனொளிபாதமலைக்கு ஏற. நாம் போனது ஒரு படகைப் பார்ப்பதற்கு.

அவிசாவளையைக் கடந்ததும் பாதையின் இருமருங்கிலும் இறப்பர் மரங்கள் நிழல் விரிக்கின்றன. எகலியகொடையையும் குருவிட்டையையும் தாண்டினால் வயல்களின் நடுவே மாணிக்கக் குழிகளின் கூரைகள் தெரிகின்றன. குழி தோண்டுகிறவர்களுக்குக் கல் கிடைக்கிறதோ இல்லையோ, தண்ணீர் தவறாமல் கிடைக்கிறது. அதை இறைக்கும் சிறு இயந்திரங்களின் படபடப்பு வழியெல்லாம் நம்மோடு வருகிறது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. இங்கே சுவர் வியர்க்கும். பெட்டியில் வைத்த வேட்டி பூசணம் பூக்கும்.

களு கங்கை சிவனொளிபாதமலைச் சாரலில் பிறந்து, இரத்தினபுரியைத் தொட்டுக்கொண்டு, 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலோடு கலக்கிறது. சப்பிரகமுவவுக்கு நல்ல பாதைகள் அமையுமுன் சரக்கு ஏறியதும் இறங்கியதும் இந்த ஆற்றின் வழியேதான். 1912இல் சிறு ரயில் இரத்தினபுரிக்கு வந்தது. 1919இல் ஒப்பநாயக்கை வரை நீண்டது. படகுக்காரர்களின் பிழைப்பு சுருங்கிற்று. 1976இல் அந்த ரயிலும் நின்றுபோயிற்று. ஆறு மட்டும் இருக்கிறது. சில ஆண்டுகளில் மே மாதம் அது ஊருக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2017ஆம் ஆண்டு வெள்ளத்தையும் இங்குள்ள எவரும் மறக்கவில்லை.

நாம் பார்க்கச் சென்ற மரப்படகு ஆற்றங்கரை வீடொன்றின் கொட்டிலில், கவிழ்க்கப்படாமல், இரண்டு தென்னங்குற்றிகளின் மேல் வீற்றிருந்தது. அதன் நடுவயிற்றில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய வகை. பற்றரி கிடையாது, தீப்பொறி தருவது மக்னெற்றோ. 2003இல் இந்தப் படகு ஒரு பகல் முழுவதும் ஓடி, ஆற்றோரத்து மக்களை விகாரை மேட்டில் சேர்த்ததாம். 2017இல் கரையை விட்டுப் பத்து நிமிடம் ஓடியபின் எஞ்சின் ஊமையாகிவிட்டது. துடுப்பாலும் மூங்கிலாலும் உந்தி ஒருவாறு கரை மீண்டார்கள். எதிர்க்கரையில், தாழ்ந்த நிலத்திலிருந்த தோட்ட லயம் ஒன்றில் இருந்தவர்கள் இரண்டு நாள் கூரைப் பரணில் இருக்க நேர்ந்தது.

அந்த லயத்தில் இருந்தவர்களுள் ஒரு பெரியவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அடக்கம். பெரியவர் இறப்பர்த் தோட்டத் தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஆண்டு அவரே தேடி வந்து, "மாத்தயா, அந்த எஞ்சினை ஒருக்கா எங்கையில குடுத்துப் பாருங்க" என்று கேட்டாராம். படகின் சொந்தக்காரரான சிங்கள முதியவர் அவரை 'பாஸ்' என்று அழைக்கிறார். இருவரும் பேசுவது பாதி சிங்களம், பாதி தமிழ்.

பெரியவர் எஞ்சினைத் தொடவில்லை. முதலில் படகின் அடிப்பலகையைத் திறந்து காற்றோட விட்டார். "பெட்ரோல் ஆவி காத்த விடக் கனம், தம்பி. அடியில போயி ஒளிஞ்சிக்கிரும். அது இருக்கையில நெருப்புப் பொறி காட்டுனா, படகு கரையில நிக்காது, வானத்துல நிக்கும்" என்றார். அரை மணி நேரம் கழித்தே பிளக்கைக் கழற்றினார். அது பெற்றோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வருகிறது, ஆகவே குற்றம் தீப்பொறியில். எண்ணெய்க் குழாயை மூடி, பிளக் துவாரத்தைத் துணியால் அடைத்து, பிளக்கை இரும்பின் மேல் சாய்த்து வைத்துக் கைப்பிடியைச் சுழற்றினார். நாம் கையால் நிழல் செய்து பார்த்தோம். மங்கலான மஞ்சள் பொறி ஒன்று தோன்றி மறைந்தது. நல்ல பொறி நீலமாக, 'டிக்' என்ற ஓசையோடு பாய வேண்டும். புதுப் பிளக் மாட்டியும் அதே மஞ்சள்தான்.

இங்கே மக்னெற்றோவைப் பற்றி மாணவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே கம்பிச் சுருள் ஒன்று சுழல்கிறது. தடித்த கம்பியில் சில சுற்றுகள். அதன்மேல் மயிரிழைக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் 'பொயின்ற்' எனப்படும் இரு சிறு உலோக முனைகள் சட்டென்று துண்டிக்கின்றன. துண்டிக்கும் அக்கணத்தில் மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ற்று எழுகிறது. பிளக்கில் பொறி பாய்கிறது. துண்டிக்கும் இடத்திலேயே பொறி வீணாகிவிடாமல் காப்பது கொண்டன்சர். ஜெர்மனியில் பொஷ் நிறுவனத்தைச் சேர்ந்த கொட்லொப் ஹொனோல்ட் 1902இல் உருவாக்கிய ஏற்பாடு இது. இதன் அங்கங்களை எண்ணிப் பார்த்தால் சப்பிரகமுவவின் விளைபொருட்களே கண்முன் வருகின்றன. சுழலும் சுருளிலிருந்து உயர் மின்னைத் தொட்டெடுக்கும் கரித்துண்டில் சேர்வது காரீயம். கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கம் அதற்குப் பேர்போனது. பிளக் வரை செல்லும் கம்பியின் உறை இறப்பர். 1876இல் இலங்கைக்கு வந்த அந்த மரத்துக்குக் கேகாலையைப் போல் உகந்த மண் இங்கே வேறில்லை. இன்றைய பிளக்கின் வெள்ளைக் கழுத்தோ அலுமினியம் ஒக்சைட்டு. இரத்தினபுரி நீலக்கல்லும் அதே பொருள்தான். சிறிது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்ததால் நீலமாயிற்று, விலையும் ஏறிற்று. இவ்வளவையும் தரும் நாடு, இவற்றின் பகையாகிய ஈரத்தையும் அள்ளித் தருகிறது.

பெரியவர் பொயின்ற் மூடியைத் திறந்தார். முனைகளில் சாம்பல் நிறப் படலம். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. பின் சுத்தமான தாளை இடையில் வைத்து ஒரு இழுப்பு. இடைவெளியை அளவுத் தகட்டால் சரிசெய்தார். பிளக் கம்பியின் இறப்பர் உறை வெடித்திருந்தது. கொட்டிலின் கதவைச் சாத்தி இருட்டாக்கிக் கைப்பிடியைச் சுழற்றியபோது, அந்த வெடிப்பிலிருந்து ஊதாப் பொறிகள் இரும்பை நோக்கி ஊர்வது தெரிந்தது. கம்பியை மாற்றினார். பொறி நீலமாயிற்று.

கைப்பிடியைப் பிடிக்கையில் அவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டதைக் கவனித்தோம். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் விரல் முறியாமல் இருக்க அதுவே காவல். மூன்றாம் சுற்றில் எஞ்சின் கிளம்பியது. வீட்டார் கைதட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பதினோராவது நிமிடத்தில் எஞ்சின் இருமி நின்றது. ஆறியபின் கிளம்பிற்று, சூடேறியதும் மறுபடி நின்றது.

பலர் இந்த இடத்தில் கொண்டன்சரைத்தான் பழிப்பார்கள். பெரியவர் பொயின்ற் முனைகளைத் திரும்பப் பார்த்தார். அவை கருகாமல் பளபளப்பாக இருந்தன. "கொண்டன்சர் கெட்டா இது ரெண்டும் தீஞ்சிருக்கும். இது சுருள்ல இருக்கிற வியாதி. ஈரம் உள்ளுக்குப் போயி உக்காந்திருக்கு" என்றார். கழற்றுவதற்கு முன் மக்னெற்றோவின் இணைப்பில் ஆணியால் இரண்டு கோடுகள் கீறினார். மீண்டும் பூட்டும்போது அவை ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டால் பொறி தவறான நேரத்தில் விழும். சுருளை வெளியே எடுக்கையில் காந்தத் துருவங்களின் மேல் ஓர் இரும்புத் துண்டைப் போட்டார். பழைய காந்தங்கள் அப்படிச் செய்யாவிட்டால் வலுவிழந்துவிடுமாம்.

சுருளை உலர்த்துவது எங்கே? வெயிலை நம்ப இயலாது. அடுப்புச் சூடு மிகுந்தால் கம்பிகளுக்கிடையே பூசிய அரக்கு இளகிவிடும். பெரியவர் தம் பழைய தோட்டத்தில் அனுமதி பெற்று, இறப்பர்ச் சீற்று காயவைக்கும் புகைக்கூடத்துக்குச் சுருளைக் கொண்டுபோனார். அங்கே இரவும் பகலும் ஐம்பது, அறுபது பாகை இளஞ்சூடு நிலையாக நிற்கும். துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, சீற்றுகளுக்கிடையே மூன்று நாள் தொங்கவிட்டார். எந்தப் பட்டறையிலும் இதைவிடப் பொருத்தமான உலர்த்தும் அறையைக் கண்டிருக்க முடியாது என்பது நம் எண்ணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் திரும்பச் சென்றபோது சுருள் புதிய வார்னிஷ் பூச்சோடு இருப்பிடத்தில் அமர்ந்திருந்தது. படகை நீரில் இறக்கினார்கள். பதினோரு நிமிடம் கடந்தது, இருபது கடந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியும் ஓசை மாறவில்லை. ஆற்று வளைவு வரை ஏறி, எதிர்க்கரைத் தோட்டத்துப் படித்துறையைத் தொட்டு, ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பினோம். பெரியவரின் மகள் துறையில் நின்று கையசைத்தாள்.

கரை சேர்ந்ததும் மக்னெற்றோ எங்கே இருக்க வேண்டும் என்று பெரியவர் சட்டம் போட்டார். படகில் அன்று, வீட்டு அடுப்புக்கு மேலுள்ள பரணில். ஆற்றில் நீர் ஏறுகிறது என்று செய்தி வந்தால் எடுத்துப் பூட்ட வேண்டியதுதான். "பூட்டுவது யார், பாஸ்? எனக்குக் கண் தெரியாதே" என்றார் வீட்டுக்காரர். பெரியவர் அவருடைய பேத்தியை அழைத்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண். கீறிய கோடுகளைக் காட்டி, கழற்றிப் பூட்டச் சொன்னார். முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று; இரண்டாம் முறை பதினான்கு. "பத்துக்குக் கொண்டாம்மா" என்று சொல்லி, பெரியவர் மக்னெற்றோவை மறுபடி கழற்றி அவள் கையில் வைத்தார்.