நூறு தடா உப்புத்தண்ணீர்

ஐம்பது வயதைத் தாண்டிய தமிழரிடம் ‘தடா’ என்று சொன்னால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். 1985இல் வந்து 1995இல் காலாவதியான அந்தச் சட்டத்தின் பெயர், இருந்த காலம் முழுக்கத் தலைப்புச் செய்திகளை விட்டு இறங்கவே இல்லை. ‘தடாவில் உள்ளே போட்டுவிட்டார்கள்’ என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, ஆந்திர எல்லையிலுள்ள தடா என்ற ஊரில் ஏதோ பெரிய ஜெயில் இருக்கிறது என்று நம்பிய பிள்ளைகள் நிச்சயம் இருந்திருப்பார்கள். இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தடா என்றால் அருவி. அந்த அருவியும் தடாவில் இல்லை. வரதய்யபாளையம் பக்கம் காட்டுக்குள், உப்பலமடுகு என்ற இடத்தில் இருக்கிறது. சட்டமும் சொந்தமில்லை, அருவியும் சொந்தமில்லை. தடாவுக்கென்று இருப்பவை ஒரு ரயில் நிலையம், ஒரு நெடுஞ்சாலை, கிழக்கே ஓர் ஏரி, பழவேற்காடு.

பழவேற்காடு ஏரியைத் தமிழ்நாட்டுக்காரர்கள் தங்கள் ஏரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது. தமிழ்நாட்டுக்கு வாய்த்தது தெற்கு ஓரமும் பெயரும்தான். தெலுங்கில் அதற்குப் பிரளய காவேரி என்று வேறொரு பெயர் உண்டு. ச.வெம். ரமேஷ் அந்தப் பெயரிலேயே ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கிறார், அந்தக் கரையின் பேச்சுத் தெலுங்கில். பிரளயம் என்ற சொல்லை ஓர் ஆழமில்லாத ஏரிக்கு எவர் வைத்தாரோ, அவர் ஐப்பசி மழையில் அதைப் பார்த்திருக்க வேண்டும். சித்திரையில் பார்த்தவர் வைத்த பெயராக இருக்கவே முடியாது.

தடாவுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, சட்டத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. வாயகன்ற பெரிய பாத்திரம். அண்டா, தவலை, தேக்சா எல்லாம் இன்னும் கல்யாண வாடகைக் கடையில் கிடைக்கின்றன. தடா மட்டும் பாசுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், ஒன்பதாம் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஒரு நேர்த்திக்கடன் வைக்கிறாள்: நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசில். ஒரு பெண், பெரும் செல்வம் எதுவும் இல்லாத பூக்கட்டும் வீட்டுப் பெண், எங்கிருந்து கொண்டுவருவாள்? அவள் கணக்குப் பார்க்கவில்லை. வாயால் நேர்ந்தாள், அவ்வளவுதான்.

சில நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பாசுரத்தைப் படித்த ராமானுஜருக்கு இது உறுத்தியிருக்கிறது. நேர்ந்துகொண்டவள் செலுத்தியதாகச் சேதி இல்லையே. அவரே போய் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பித்தார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது வைணவர்கள் சொல்லிச் சொல்லிக் கண்கலங்கும் கதை. கோயில் அண்ணன் என்று ராமானுஜருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். வயதில் பார்த்தால் அவர் அவளுக்குக் கொள்ளுப்பேரனுக்கும் கொள்ளுப்பேரன். தங்கையின் கடனை அடைக்கிறவன் அண்ணன் என்ற ஒரே நியாயத்தில் காலக்கணக்கே தலைகீழாகிவிட்டது. மார்கழி 27, கூடாரவல்லியன்று, இன்றும் பல பெருமாள் கோயில்களில் நூறு பாத்திரங்களில் அக்காரவடிசில் வைக்கிறார்கள். பாத்திரம் எவர்சில்வர்தான். பெயர் தடா.

ஊர்ப்பெயருக்கும் இந்தப் பாத்திரத்துக்கும் உறவு உண்டா என்று கேட்டால், பெயராய்வாளர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். தடாவிலிருந்து கிழக்கே, பீமுனிவாரிபாளையம் படகுத்துறையில் போய் நிற்கிறவருக்கு அந்த ஏரி அகலவாய்ப் பாத்திரமாகத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தென்வடலாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழமோ ஒரு மீட்டர். தடா என்பதைவிடத் தாம்பாளம் என்று சொல்லலாம். ஒரு பக்கத்தில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியின் கிளையும் நல்ல தண்ணீர் ஊற்றுகின்றன. மறுபக்கம் ஸ்ரீஹரிகோட்டா என்ற நீளமான மணல்மேடு கடலை மறித்துக்கொண்டு கிடக்கிறது. மேட்டின் இடைவெளிகள் வழியே கடல் உள்ளே வந்து போகிறது. அந்த இடைவெளிக்கு முகத்துவாரம் என்று பெயர்.

மழைக்காலத்தில் ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். தை, மாசியில் உவர்நீர். கோடையில் வடபகுதியின் பெரும்பாகம் வற்றி, மிச்சமிருக்கும் குட்டைகள் கடலைவிட உப்பாகி, சேறு பாளம் பாளமாக வெடித்துவிடும். வருடந்தோறும் மே மாதம் இந்த வெடிப்பின் படத்தைப் போட்டு ‘சாகும் ஏரி’ என்று தலைப்பு வைப்பது பத்திரிகை வழக்கம். டிசம்பரில் அதே இடத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, காலால் சேற்றைக் கிளறிச் சலித்துத் தின்றுகொண்டிருக்கும். அப்போது தலைப்பு ‘வண்ணப் பறவைகளின் சொர்க்கம்’. சூலூர்பேட்டையில் அந்தப் பறவைகளுக்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். செத்ததாக எழுதிய பத்திரிகை உயிர்த்தெழுந்ததை எழுதுவதில்லை.

சற்று வடக்கே நேலபட்டுக் குளத்தில் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. அவற்றில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. கூடு குளத்தில், சாப்பாட்டுக்கு ஏரி. கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையைப் பார்த்தால், ஆண்டாள் காலத்துத் தடா இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

இப்படி இனிப்புக்கும் உப்புக்கும், நிறைவுக்கும் வறட்சிக்கும் ஊசலாடுகிற ஏரியை நோய்ப்பட்டது என்பதா, திடமானது என்பதா? 1973இல் சி.எஸ். ஹோலிங் என்ற கனடா நாட்டுச் சூழலியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். இன்று கருத்தரங்குகளில் ‘மீள்திறன்’ என்று முழங்கும் சொல்லுக்கு அதுதான் மூலம். அவர் சொன்னது, அதை முழங்குகிறவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. அசையாமல் நிலையாக இருப்பது வேறு, தாங்கி மீள்வது வேறு என்றார். தாறுமாறாக ஏறி இறங்கும் உயிர்ச்சூழல் எத்தனையோ அடிகளைத் தாங்கும். சலனமே இல்லாமல் பார்க்க அழகாக இருப்பது ஒரே அடியில் கவிழும். அவர் வழி வந்தவர்கள் இதை விளக்க ஒரு கிண்ணத்தையும் அதற்குள் ஒரு கோலிக்குண்டையும் வரைவார்கள். குண்டு உருளுவதில் ஆபத்தில்லை. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக் கிண்ணத்தில் விழுந்துவிட்டால், திரும்பி ஏறுவது லேசில்லை.

ஆழமற்ற ஏரிகளுக்கு இந்தக் கோலிக்குண்டுக் கணக்கை நுணுக்கமாகப் போட்டவர் மார்ட்டென் ஷெஃபர், டச்சுக்காரர், வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். வாகனிங்கன் இருக்கும் மாகாணம் கெல்டர்லாந்து. பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் பெயர் கெல்ட்ரியா, அதே மாகாணத்தின் பெயர்தான். கோட்டையில் இன்று மிச்சம் மண்மேடும் முள்ளும். செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகள் மட்டும் பக்கத்துக் கல்லறைத்தோட்டத்தில் மிடுக்காக நிற்கின்றன. துணி வாங்கவும் வெடிமருந்து செய்யவும் வந்தவர்கள் காலடியில் கிடந்த ஏரியை எந்த அளவுக்குக் கவனித்தார்களோ. கவனித்திருந்தால் முந்நூற்றைம்பது வருடம் கழித்துச் சொந்த ஊர்ப் பாடம் கொஞ்சம் சுலபமாகியிருக்கும்.

அந்தப் பாடம் நடந்த இடம் கெல்டர்லாந்தின் ஓரத்திலுள்ள வெலுவே ஏரி. அதுவும் ஆழமில்லாதது. 1960களின் கடைசியில் சாக்கடையோடு வந்த பாஸ்பரஸ் ஒரு லிட்டருக்கு 0.20 மில்லிகிராமைத் தாண்டியதும், நீருக்கடியில் இருந்த பாசிக்கொடிகள் அழிந்து ஏரி பச்சைக் கலங்கலாக மாறிற்று. சரி, மறுபடி 0.20க்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்று யாரும் நினைப்பார்கள். ஏரி மசியவில்லை. 0.10க்கும் கீழே இறங்கிய பிறகு, 1990களில்தான், கொடிகள் திரும்பித் தண்ணீர் தெளிந்தது. கவிழ்ந்த தடாவை நிமிர்த்த, கவிழ்த்ததைப் போல இரண்டு மடங்கு பிரயாசை.

பழவேற்காட்டின் விளிம்பு முகத்துவாரம்தான். இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும்; பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். மடவைக்கும் அதே போக்குவரத்து. கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருப்பது கடலின் சுபாவம். அந்த மணல் வாயை அடைக்கப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து அதை உடைத்துத் தள்ளும். இந்தத் தள்ளுமுள்ளு இரண்டு பக்கமும் சமபலத்தோடு நடந்தவரை எல்லாம் சரி. ஆரணியாற்றுக்குப் பிச்சாட்டூரில் அணை, மற்ற ஆறுகளுக்கு மேலே ஏரிகள், மோட்டார்கள். வருகிற வெள்ளம் இளைத்தது. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காக ஏரியின் குறுக்கே போட்ட சாலை வடபகுதியின் நீரோட்டத்தை வெட்டிற்று. அந்தத் தளம் வந்ததால் தீவின் காடு வெட்டுக்குத் தப்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே காலங்காலமாக இருந்த யானாதிப் பழங்குடியினர் வெளியேறவேண்டி வந்ததையும் சேர்த்து. வாய் மூடிவிட்டால் மீனவர்கள் மண்வெட்டியோடு போய்த் தாங்களே வாய்க்கால் வெட்டுவார்கள். கொஞ்ச நாள் ஓடும். பிறகு மறுபடி மணல்.

மூடிய வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சாட்சி. அழிவின் விளிம்பில் என்று 1993இல் சர்வதேசப் பட்டியலில் ஏறிய அந்த ஏரிக்கு 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். வருடத்துக்குச் சுமார் 1,700 டன்னாகச் சுருங்கியிருந்த மீன்வரத்து இரண்டே வருடத்தில் 12,000 டன்னைத் தொட்டது. 2002இல் அபாயப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பரிசும் கொடுத்தார்கள். சிலிகா ஒரே மாநிலத்துக்குள் இருக்கிறது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பழவேற்காட்டில் நண்டுக்குத் தெரியாத எல்லைக்கோட்டுக்காக இரு மாநில மீனவர்கள் அடிக்கடி மோதிக்கொள்கிறார்கள்.

அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது: பாடு. மீன் பிடிபட்ட அளவைக் கடற்கரையில் ‘மீன்பாடு’ என்பார்கள், கஷ்டமும் பாடுதான். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தது தற்செயலாகவே இருக்கட்டும். ஏரியில் பாடு என்றால் முறை. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் இன்ன ஊர், இன்ன நாள், இன்ன குடும்பம் சுத்துவலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அவரவர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்தவன் நாளில் வலையை இறக்க முடியாது. ஏரியே மாறி மாறி நடப்பதால், அதில் பிழைப்பவர்களும் மாறி மாறி நடக்கக் கற்றிருந்தார்கள். 1970களுக்குப் பிறகு இறால் ஏற்றுமதிப் பணமானபோது, பாடு உரிமை இல்லாத மற்றச் சாதியாரும் ஏரியில் இறங்கினார்கள். 2008இல் சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை கொஞ்சம் சங்கடமானது. பாடு இருப்பவனுக்கு அது காப்பு, அதுவே கட்டும். ஏரி மெலிந்தாலும் பரம்பரை உரிமையையும் பேரையும் விட்டு வேறு தொழிலுக்குப் போக மனம் வருவதில்லை. உரிமை இல்லாதவன்தான் வேறு வழி தேடியாக வேண்டியிருக்கிறது. கோலிக்குண்டு மனிதர்களுக்கும் பொருந்தும். ஆனால் எந்தக் கிண்ணம் நல்ல கிண்ணம் என்று குண்டிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த ஏரியின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்ட ஒன்றும் உண்டு. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணி மலாய் நாட்டில் அந்த ஊர்ப் பெயராலேயே ‘காயின் பெலிகாட்’ ஆயிற்று. மலேசியாவில் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் இடுப்பில் கட்டுகிறார்கள்.

பீமுனிவாரிபாளையத்திலிருந்து இரக்கம் தீவுக்குப் படகு போகிறது. தீவு ஆந்திராவின் தடா மண்டலத்தைச் சேர்ந்தது; வீடுகளில் பேசுவது தமிழ். மளிகை, கேஸ் சிலிண்டர், மருந்து, கல்யாணச் சீர் எல்லாம் அந்தப் படகில்தான் போயாக வேண்டும். மழைக்காலத்தில் சிரமமில்லை. கோடை முற்றி வாய் அடைபட்டுத் தண்ணீர் வடிந்துவிட்டால், படகு நடு ஏரியில் தரை தட்டும். அப்போது ஆண்கள் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளுவார்கள். சிலிண்டரும் பெண்களும் பிள்ளைகளும் படகிலேயே இருக்க, இரண்டு மாநிலத்தின் தண்ணீரும் கணுக்காலளவு.