குடிநீர் காத்த கானகம்

சிங்கப்பூரின் ஈசூனில் குடியிருப்பவர்களுக்கு மழைக்காடு என்பது விமானமேறிச் சென்று காணவேண்டிய தேசாந்தரத்து விசேஷம் அன்று. அடுக்குமாடி வீட்டின் மேல்தளம் ஒன்றில் நின்று, துணி உலர்த்தும் மூங்கிற்கழிகளுக்கு அப்பால் தென்மேற்குத் திசையில் கண்ணை ஓட்டினால், கட்டடங்களின் வெண்மை முடிகிற இடத்தில் கரும்பச்சையாக ஒரு விளிம்பு தென்படும். மெக்ரிட்சி, கீழ்ப் பியர்ஸ், மேல் பியர்ஸ், மேல் சிலேத்தார் என்னும் நான்கு நீர்த்தேக்கங்களையும் அணைத்துக்கொண்டு இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேலாக விரிந்து கிடக்கும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் வட எல்லை அது.

இந்த வனம் நமக்கு மிஞ்சியதற்குக் காரணம் யாருடைய காருண்யமும் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், காசுக்கட்டியைப் போல வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்படும் கேம்பியரையும், அதனோடு மிளகையும் பயிரிட்டவர்கள், கேம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்கும் அடுப்புகளுக்காகச் சுற்றியிருந்த விருட்சங்களையெல்லாம் வெட்டி எரித்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இவ்வாறாக அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தீவின் ஆதிவனம் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோயிற்று. பின்னாளில் மெக்ரிட்சி என்று பெயர் பெற்ற முதல் நீர்த்தேக்கம் 1868-இல் கட்டி முடிக்கப்பட்டபோதுதான், மரமில்லாத மேட்டில் பெய்யும் மழை சேற்றையும் சுமந்துகொண்டு குடிநீரில் வந்து விழும் என்ற கவலை பிறந்தது. ஆகவே, பட்டணத்து ஜனங்களின் தாகத்தை உத்தேசித்து ஏரியைச் சுற்றிலும் மரங்களைத் தொடாமல் விட்டார்கள். மரத்துக்காக மரத்தைக் காத்தவர்கள் அல்லர்; ஆயினும் பலன் மரத்துக்கும் கிடைத்தது. உள்நோக்கம் எதுவாயினும் காரியம் நன்றாக முடிந்தால் அதைக் குறைசொல்லும் வைராக்கியம் எனக்கில்லை.

பக்கத்திலுள்ள புக்கித் தீமா குன்று இன்னும் பழைய கீர்த்தி உடையது. 1854-இல் அங்கே தங்கிய இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், சுமார் இரண்டு மாத காலத்தில் எழுநூறு வகை வண்டுகளைச் சேகரித்ததாகத் தம் பிரயாண நூலில் எழுதிவைத்திருக்கிறார். புலிக்கென்று வெட்டிய குழிகளில் தாம் விழுந்துவிடாமல் பார்த்து நடக்கவேண்டியிருந்ததையும் மறைக்கவில்லை. இன்று அந்த 163 மீட்டர் உயரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியே ஏறுகிறவர்களின் கூட்டத்தில் வண்டுக்கும் இடமில்லை, வாலஸுக்கும் இடமில்லை. மெக்ரிட்சிக் காட்டின் உச்சியில் 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் நடைபாலமும் அப்படித்தான்: பார்க்கவேண்டியது, ஆனால் நின்று பார்க்கமுடியாதது.

என் சஞ்சாரமெல்லாம் கீழ்ப் பியர்ஸ் பக்கத்தில்தான். அங்கே நீர்க்கரையை ஒட்டிப் போடப்பட்ட பலகைப் பாதையில், வெயில் ஏறுவதற்குமுன் நிதானமாக நடந்தால், கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் முதற்பார்வையில் அகப்படாத ஒரு பிராணியைக் காணலாம். மரத்தண்டில் ஒரு புடைப்பு. பாசியும் சாம்பலும் கலந்த நிறம். பட்டை உரிந்த இடம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். நின்று நோக்கினால், அந்தப் புடைப்பின் மேல்நுனியில் ஈரமான மூக்கொன்றும், இரவுக்கென்றே படைக்கப்பட்ட இரண்டு பெரிய கண்களும், தண்டின் வெடிப்பில் ஊன்றிய வளைந்த நகங்களும் ஒவ்வொன்றாகத் துலங்கும். கொலுகோ என்பது அதன் பெயர். கழுத்திலிருந்து வால்நுனி வரை உடலைச் சுற்றி ஒரே தோற்போர்வை, அந்தப் போர்வையை விரித்து இரவில் மரத்துக்கு மரம் நூறு மீட்டர் தூரம்கூடக் காற்றில் சறுக்கிச் செல்லும், பகலிலோ அசைவதேயில்லை. நான் ஒரு தாயைப் பார்த்துக்கொண்டிருந்த காலையில், போர்வையின் ஓரம் சற்றே விலகி, உள்ளிருந்து குட்டியின் முகம் வெளிப்பட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விசேஷமாக ஒன்றுமில்லை என்று தீர்மானித்ததுபோல் திரும்ப உள்ளே போய்விட்டது.

பழைய மேல் தாம்சன் சாலைக்கு வந்தால் வேறு காட்சி. 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயங்கள் நடந்து, இயந்திரங்களின் உறுமலில் அதிர்ந்த சாலை இது; இன்றோ அதற்கு மேலாக, இருபுறத்து மரக்கிளைகளையும் இணைத்துக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள், மனிதருக்கன்று, குரங்குக்கு. பை வைத்திருப்பவரைக் கண்டால் பின்னாலேயே வரும் நீளவால் குரங்கைச் சொல்லவில்லை. அதன் சமர்த்து ஈசூன்வாசிகள் அறிந்ததே. கறுத்த மேனியும் தொடையின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டையும் கொண்ட இலைக்குரங்கு ஒன்றுண்டு. அது சுபாவத்தில் கூச்சமுடையது, தரைக்கு வர விரும்பாதது, சிங்கப்பூரில் எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. சாலையின் கீழ்ப்புறத்தில், ஒரு காலத்தில் ஹைனான் மக்கள் வாழ்ந்த கிராமத்தின் இடிந்த படிகளும் சுவர்களும் நிற்கும் இடத்தை 2019-இல் தாம்சன் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். குடியானவர் நட்டுவிட்டுப் போன பழமரங்களும் ரப்பர் மரங்களும் அங்கே காட்டோடு காடாகக் கலந்துவிட்டன. அவற்றை நாடித்தான் இந்த மந்திகள் சாலையைக் கடக்கின்றன. முதுகிலே கறுப்புச் சிலுவை வரைந்தாற்போன்ற வெள்ளைக் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தாய்மந்தி கயிற்றில் கால் வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடியும் வைத்ததை ஒருமுறை கண்டேன். ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தலைமுறைகளின் வழிவந்த நமக்கு, யாரும் வெட்டாமல் தழும்பேறி நிற்கும் அந்த மரங்களைக் காணும்போது மந்தியைப் பார்க்கும் கவனம் சற்றுக் கலைந்துபோகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் புளோக்கில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், ஓய்வுபெற்றவர், சில காலைகளில் என்னோடு வருவதுண்டு. அரைமணி நேரம் நடந்தும் அணில் ஒன்றைத் தவிர வேறெதுவும் தட்டுப்படாத நாளில் அவர் சொன்னார்: "ஏம்பா, மண்டாய் மிருகக்காட்சிக்குப் போனா டிக்கெட் எடுத்த அஞ்சாவது நிமிஷம் ஒராங் ஊத்தானே வந்து நிக்குது. இங்க நடந்து கால்தான் வலிக்குது."

"அங்க அதுக்குச் சம்பளம் உண்டுண்ணே," என்றேன்.

மிருகக்காட்சிசாலை 1973-இல் மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் கரையிலேயே திறக்கப்பட்டது. ஆகவே அதே தண்ணீரின் ஒரு பக்கத்தில் விலங்குகள் நேரம் தவறாமல் தரிசனம் தருகின்றன. மறுபக்கத்தில் அழுங்கும் சருகுமானும் நாம் தூங்கும் நேரத்தில் நடமாடி, விடிவதற்குள் மறைந்துவிடுகின்றன. இரண்டில் எதையும் நான் இகழமாட்டேன். குழந்தைகளை அழைத்துப்போக நானும் மண்டாய்க்குத்தான் போகிறேன்.

நண்பரின் உண்மையான மனத்தாங்கல் வேறு. மேல் சிலேத்தாருக்கு அருகே நீ சூன் சதுப்புக்காடு இருக்கிறது. நன்னீர்ச் சதுப்புக்காடு என்று சிங்கப்பூரில் சொல்லத்தக்கதாக மிச்சமிருப்பது அது ஒன்றே. அன்னாசியிலும் ரப்பரிலும் பொருளீட்டிய லிம் நீ சூன் என்பவரின் பெயரைத்தான் அந்தக் காடும் எங்கள் ஈசூனும் தாங்கி நிற்கின்றன. தேநீர் நிறத்தில் ஊறும் அதன் ஓடைகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத நண்டினம் ஒன்று வாழ்கிறது. அருகே இராணுவத்தாரின் சுடுதளம். உள்ளே பொதுமக்களுக்குப் பிரவேசமில்லை. "நம்ம ஊர் பேரு, நமக்கு அனுமதி இல்ல. ஒரு பலகைப் பாதை போட்டா என்ன குறைஞ்சுபோகும்?" என்பது அவர் கட்சி.

குறையும் என்பது என் கட்சி. சதுப்பின் ஜலம் சில அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் கெட்டுப்போகும் ஜீவராசிகள் அவை. எனினும் அவர் வாதத்தை அடியோடு தள்ளவும் முடியவில்லை. 1992-இல் கீழ்ப் பியர்ஸ் காட்டை வெட்டிக் கோல்ஃப் மைதானம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, இயற்கைச் சங்கத்தார் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து அறிக்கை தயாரித்தார்கள், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையொப்பமிட்டார்கள், யோசனை கைவிடப்பட்டது. அந்தக் காட்டில் கால்வைத்தே இராதவர்கள் அத்தனை பேர் கையொப்பமிட்டிருப்பார்களா? குறுக்குத்தீவு ரயில்பாதையைக் காப்பகத்தின் அடியில் கொண்டுசெல்வதா, சுற்றிப்போவதா என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்ததும், கடைசியில் 2019-இல் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் தோண்டித் தரைமேல் மரங்களைத் தொடாமல் செல்வதென்று முடிவானதும், நடக்கிறவர்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான். திறந்த காட்டில் நடந்து பழகியவர்களே மூடிய காட்டுக்கும் காவல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அல்லது நண்பர் சொல்வதுபோல், மூடியே வைத்திருந்தால் ஒருநாள் அதற்காகப் பேச ஆளிருக்காது என்றும் கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருநாள், அதிகாரிகளின் துணையோடு, இருபது பேரை மட்டும் ஓரம்வரை அழைத்துப்போகலாம் என்று அவர் தம் கோரிக்கையை இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நான் இன்னும் மறுப்புச் சொல்லவில்லை. இருபதைப் பத்தாக்கும்படிதான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.