கிரகணத்தில் மாறிய குடும்பம்

"கிரகணத்திலை வேதத்துக்கு வந்த சனமடா நாங்கள்" என்பார் அப்பாச்சி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு அது விநோதமாகப் பட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குலதெய்வக் கதை இருந்ததுபோல எங்களுக்கு இது. நிலா எப்போது மறையும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சரியாகச் சொன்னாராம். பஞ்சாங்கம் பிசகிப் போனதாம். என் அப்பப்பாவுக்கு அப்பப்பா அன்றிரவே ஞானஸ்நானம் கேட்டாராம். எந்த ஊர், எந்த ஆண்டு என்று அப்பாச்சியிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை.

இருபது வயதுவாக்கில் நான் சபையை விட்டு நின்றேன். யாரோடும் சண்டை இல்லை. கிரகணத்தையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்றால் கடவுள் எதற்கு என்று தோன்றிற்று. பணி ஓய்வு பெற்றுக் கிள்ளானில் குடியேறிய பிறகு மறுபடி அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்தது. எங்கள் தாமான் திடலில், மேகமில்லாத இரவுகளில், ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவர் தன் தொலைநோக்கியை நிறுத்துவார். கிள்ளான் பள்ளத்தாக்கின் விளக்கு வெளிச்சத்தில் பால்வீதியை மறந்துவிட வேண்டியதுதான். நிலாவும் வியாழனும் சனியும் எங்களுக்குப் போதும். பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்கில் தே ஓ, காலடியில் கொசுவத்தி. சனியின் வளையத்தை முதன்முதலில் பார்க்கிற பலரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள்: கண்ணை எடுத்துவிட்டுக் குழாயின் முன்பக்கம் போய், யாராவது படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

அங்கே வருகிறவர்களில் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர், மெதடிஸ்ட் சபைக்காரர். ஒருநாள் சனியைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், "தம்பி, ஞாயிற்றுக்கிழமை காரில் ஓர் இடம் சும்மாதான் இருக்கு, வாறீங்களா?" என்று கேட்டார். போனேன். இதைவிடப் பெரிய மனமாற்றக் கதை என்னிடம் இல்லை. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னமே வாய் பாடத் தொடங்கிவிட்டது. அடுத்த வாரமும் போனேன்.

சில மாதம் கழித்துச் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். அப்பாச்சியின் கதையைச் சொன்னேன். எல்லோருக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

கையில் இருந்த தடயம் ஒன்றே ஒன்று: எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஓடிவரும் ஓர் அமெரிக்கப் பெயர். யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் பள்ளிகளில், பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரை அந்தப் பிள்ளைக்கே இடும் வழக்கம் இருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் வட்டுக்கோட்டை வருகிறது. வட்டுக்கோட்டை என்றதும் இன்று 1976ஆம் ஆண்டுத் தனிநாட்டுத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1823இல், அமெரிக்க மிஷனரிகள் அங்கே ஒரு செமினரி தொடங்கியிருந்தார்கள். முதல்வர் டேனியல் பூவர். வானியலும் கணிதமும் அங்கே முக்கியப் பாடங்கள்.

அப்பாச்சி சொன்ன இரவு எனக்கு இரண்டு நூல்களில் கிடைத்தது. ஒன்று, எமர்சன் டெனன்ட் 1850இல் இலங்கைக் கிறிஸ்தவம் பற்றி எழுதியது. மற்றது, ரிச்சர்ட் ஃபாக்ஸ் யங்கும் யாழ்ப்பாணப் பேராயராக இருந்த எஸ். ஜெபநேசனும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு. ஆண்டு 1829, மார்ச் மாதம். அந்தப் பக்கத்தில் பேர்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் சந்திர கிரகணம் ஒன்றைக் குறித்திருந்தார். செமினரியில் ஐரோப்பிய முறைப்படி கணக்கிட்டுப் பார்த்தால், தொடங்கும் நேரத்தில் ஏறக்குறைய கால் மணி வித்தியாசம். எவ்வளவு நேரம் நீடிக்கும், நிலவின் எவ்வளவு பாகம் மறையும் என்பதிலும் ஒத்துப்போகவில்லை. பூவர் இதை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். பௌர்ணமி வந்தது. பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில் நிலவில் கறையில்லை. பூவர் சொன்ன நேரத்தில்தான் நிழல் விழுந்தது.

சாஸ்திரியாரை இதனால் குறைத்து எடைபோடக் கூடாது. அதே காலத்தில், 1825இல், ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியரின் காலக் கணக்கைப் பற்றி 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். பாண்டிச்சேரிப் பக்கத்தில் தாம் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி அதில் எழுதுகிறார். எண் ஒன்றையும் எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாக்கியம் எனப்படும் பல நூற்றாண்டுப் பழைய வாய்பாடுகள், கையில் கொஞ்சம் சோழி. பிசகு நிமிடக் கணக்கில்தான். வட்டுக்கோட்டையில் தோற்றது அப்படிப்பட்ட ஒரு வித்தை.

ஆக, இதுவரை அப்பாச்சி சொன்னது உண்மை. அதற்கு மேல்தான் கதை நொண்டுகிறது. அந்த இரவால் ஊர் வேதத்துக்கு மாறிவிடவில்லை. வாக்கிய பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் இன்றும் அச்சாகிறது. அன்றிரவே ஞானஸ்நானம் என்பதும் அந்த மிஷனின் நடைமுறைக்குப் பொருந்தாது. நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகே அவர்கள் சபையில் சேர்த்தார்கள். செமினரியில் கற்றுத் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். புதிய வானியலை வட்டுக்கோட்டையிலேயே படித்த இருவரும் பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார்கள். பூவருக்குப் பின்வந்த ஹொய்சிங்டன் என்ன செய்தார் தெரியுமா? தமிழரின் வானியல் முறையையே ஆங்கிலத்தில் பெயர்த்து, விளக்கக் குறிப்புகளோடு 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார்!

1855இல் செமினரியை மூடினார்கள். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனின் குறை. அதே ஆண்டில் பூவரும் காலராவில் இறந்தார். ஆண்டர்சன் குறைப்பட்டுக்கொண்ட அந்த வழியில்தான் பின்னாளில் யாழ்ப்பாணத்தார் கூட்டங்கூட்டமாக மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ரயில்வே குமாஸ்தாவாக என் அப்பப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் வந்ததும் அப்படித்தான். எங்களை வேதத்துக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் மிஷன் விடுதிச் சோறும் ஆங்கிலப் பாடமும்தான் என்பது என் முடிவு. அதில் எனக்கு வெட்கமில்லை. பூவர் கணக்கைக் காட்டிச் சபைக்குள் அழைத்தார். நான் கணக்கைக் காட்டி வெளியே போனேன். இரண்டும் ஒரே வாதம். நான் திரும்பி வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒரு டீச்சரின் காரில் இடம் இருந்தது.

2025 செப்டம்பர் 8 அதிகாலை, எங்கள் திடலில் முழுச் சந்திர கிரகணம் பார்த்தோம். ஒன்றரை மணிக்கு நிலா செம்பு நிறமானது. மேகம் மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. சுராவில் கிரகணத் தொழுகையை முடித்த பாக்சிக் ஒருவர் நேரே தொலைநோக்கிக்கு வந்தார். என் சைவ நண்பர் கடைசிவரை எங்களோடு நின்று பார்த்துவிட்டு, கிரகணம் விட்டதும் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார். எங்கள் மெதடிஸ்ட் ஆராதனை முறையில் கிரகணத்துக்கென்று எதுவும் கிடையாது. டீச்சர் எட்டாம் சங்கீதத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று வருகிறது. 2028 டிசம்பர் 31 இரவு, மலேசிய நேரப்படி பதினொரு மணிக்குச் சற்றுப் பின் நிலவில் நிழல் ஏறத் தொடங்கும். 2029 பிறந்து கால் மணி நேரத்தில் நிலா முழுவதும் சிவந்துவிடும். நம் சபைகளில் அப்போது ஆண்டிறுதி ஆராதனை நடந்துகொண்டிருக்கும். போதகர்களே, ஆசீர்வாதம் கூறியதும் மக்களைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்க விடுங்கள். தொலைநோக்கியோ கறுப்புக் கண்ணாடியோ தேவையில்லை. அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுங்கள். நிலவைக் காட்டி யாருக்கும் பிரசங்கம் மட்டும் செய்துவிடாதீர்கள்.